சீட்டக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் பையனுக்குக் கோட்டான் என்று பெயர் வைத்தது அவனுடைய கணக்கு வாத்தியார். வகுப்பில் பெஞ்சின் மேல் தலையை வைத்துத் தூங்குவான். தட்டி எழுப்பிக் கேள்வி கேட்டால் பதிலைச் சரியாகச் சொல்வான். கேள்வியில் இருக்கிற தப்பையும் சொல்வான். சொல்லிவிட்டு மறுபடி தூங்குவான். வாத்தியார் தூக்கத்தைப் பொறுத்துக்கொண்டார். தன் கேள்வியிலேயே தப்பு என்றால் எந்த வாத்தியார் பொறுப்பார்?

பையனுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான். தப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. ஒரு முறை எங்கள் லிஃப்ட் நின்றுபோய், மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோட்டான் நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அந்த ஒயர் இல்ல. பக்கத்துல இருக்கறது."

"எனக்கே சொல்லித் தர்றியா? உனக்கு என்னடா தெரியும்?"

பையன் கையை உள்ளே விட்டுப் பக்கத்து ஒயரைச் சொருகினான். லிஃப்ட் ஓடியது. மெக்கானிக்கும் ஓடினான், அப்புறம் எங்கள் கட்டடத்துக்கு வரவே இல்லை. அடுத்த தடவை லிஃப்ட் நின்றபோது கோட்டானுக்குப் பரீட்சை. மற்றவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறினோம்.

அடித்தால் தாங்குவான். பட்டினி போட்டால் தாங்குவான். 'உனக்கு என்ன தெரியும்' என்று மட்டும் கேட்டுவிட்டால் காது சிவந்துவிடும். இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. அவன் அம்மாவே ஊட்டி வளர்த்தது. "என் பையனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்பதை அவள் வணக்கம் சொல்வதுபோல எல்லாரிடமும் சொல்லுவாள்.

அம்மாவுக்குச் சீட்டக்கா என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு போட்டுக் கொடுக்கிற கவுன்ட்டரில் வேலை. வரிசையாக இருந்த கவுன்ட்டர்களில் கடைசி, கக்கூஸ் பக்கத்தில் இருந்தது அவளுடையது. அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். கப்பல் வரும், அப்பா வரமாட்டார். அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த கதைகள் நிறைய, ஆனால் இப்போது வேண்டாம்.

கீழே வாசலை ஒட்டி ஒரு சலவைக் கடை. கடைக்கார மாமா நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நின்றும் சூடாகாத மனுஷன். சூடெல்லாம் அவர் சம்சாரத்துக்கு. கோட்டான் படியிறங்கி வந்தால் மாமா, "வாங்க விஞ்ஞானி" என்பார். போனைக் காட்டி, "இது ஏன்யா சூடாகுது?" என்பார். "இஸ்திரிப் பெட்டி பக்கத்துல வெச்சா சூடாகாதா மாமா?" என்பான் அவன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தப் பையனிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நாள் கோட்டான் அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். போன இடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்தான். அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரன், தூரத்திலிருந்து ரிப்பேர் பார்க்க ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த வழிக்கு அன்றைக்குப் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லை. கதவும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, சாவி பூட்டிலேயே தொங்குகிறது.

பையன் நல்ல பிள்ளையாகத்தான் முதலில் போனான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு தலைவர் உண்டு. கழுத்தில் எப்போதும் டை கட்டியிருப்பதால் அங்கே எல்லாருக்கும் அவர் டை. கவுன்ட்டர்களுக்கு எதிரே இருந்த அவர் அறை வாசலில் போய் நின்றான்.

"சார், உங்க சிஸ்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. யார் வேணும்னாலும் உள்ள வந்துரலாம்."

டை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சீட்டு இருக்கா?"

"நான் பேஷண்ட் இல்ல சார்."

"சீட்டில்லாம இந்த பில்டிங்ல யாரும் யாரையும் பாக்க முடியாது. வரிசையில போய் வாங்கிட்டு வா."

போனான். அம்மாவின் வரிசையிலேயே நின்றான்.

"நீ எங்கடா இங்க? என்ன வியாதின்னு போடறது?"

"தலைவலின்னு போடும்மா. அந்த சார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இங்க யார் வேணும்னாலும் புகுந்துரலாம், தெரியுமா உனக்கு?"

சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பப் போனான். டை இப்போதும் தலையைத் தூக்கவில்லை. சீட்டை மட்டும் பார்த்தார்.

"தலைவலியா? டாக்டரைப் பாரு. என்கிட்ட எதுக்கு வந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குரலை உயர்த்தினார். "ஓட்டை கண்டுபிடிக்க வந்துட்டாரு துரை! முதல்ல ஸ்கூல முடி. உனக்கு என்ன தெரியும்?"

இன்னும் பெரிய சிரிப்பு. கடைசிக் கவுன்ட்டரில் சீட்டக்காவும் சிரித்தாள். மேலதிகாரி சிரிக்கும்போது உம்மென்று இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள் அல்லவா? பையன் அதைப் பார்த்தான். காது சிவந்ததை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு அடுத்த சீட்டு.

ஒரு திங்கட்கிழமை காலை. வாரத்திலேயே கூட்டம் அதிகமான நேரம். ஆஸ்பத்திரியின் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் கறுத்துப்போயின. டாக்டர் அறை, மருந்து கொடுக்கிற இடம், எக்ஸ்ரே, எல்லாமே. கறுப்பின் நடுவே ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்த அதே வாசகம்: 'பொறுமை காக்கவும். வரிசையில் வரவும்.'

மத்தியானத்துக்குள் தானாகச் சரியாகிவிடும்படிதான் பையன் ஏற்பாடு செய்திருந்தான். அரை நாள் டையை வேர்க்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் நின்றால் டை முதலில் எரிந்து விழுவது கடைசிக் கவுன்ட்டரில்தான். "எதை அமுக்கித் தொலைச்சீங்க?" என்று அம்மாவைக் கேட்பார். அதனால் அவளுடைய கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டான்.

கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்குக் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மற்ற கவுன்ட்டர் எல்லாம் நின்றதும், அத்தனை வரிசையும் உடைந்து ஒரே வரிசையாக அவன் அம்மாவின் முன்னால் போய்ச் சேர்ந்தது. திட்டு விழக்கூடாது என்று அவன் காப்பாற்றிய அம்மா, அன்றைக்கு வாங்காத திட்டில்லை. பக்கத்திலேயே இருந்த கக்கூஸுக்குப் போகக்கூட அவளை விடவில்லை.

ஆனாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. "எல்லாம் கை ராசி" என்று பக்கத்துக் கவுன்ட்டர்காரியிடம் சொன்னாள். அந்தக் கவுன்ட்டர்காரி சும்மா உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரிசையில்தான் சலவைக் கடை மாமா வந்தார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். அவசரப் பிரிவுக்குப் போனார்கள். சீட்டு இருந்தால்தான் அங்கேயும் உள்ளே விடுவார்கள். சீட்டு போடுகிற இடம் இன்றைக்கு ஒன்றே ஒன்று. அவர் சம்சாரம் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, நாங்கதான், கீழ் வீடு. அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்காம். முதல்ல ஒரு சீட்டு போட்டுக் குடுங்க."

"எல்லாருக்கும்தான் ஒரு மாதிரியா இருக்கு. நம்ம பில்டிங்குன்னு உங்களை விட்டா இவங்க என்னை உரிச்சிருவாங்க. வரிசையில வாங்கம்மா."

"வேர்வையைப் பாருங்கக்கா, எப்படி ஊத்துதுன்னு!"

"எனக்குந்தான் ஊத்துது. வரிசையில வாங்க!"

மாமாவே சம்சாரத்தின் கையைப் பிடித்து இழுத்தார். "அவங்க சொல்றதும் நியாயந்தானே. எல்லாரும் நிக்கறாங்க, நாம மட்டும் பெரிய ஆளா? வா, நிப்போம்."

நின்றார். சுவரில் சாய்ந்தார். சரிந்து உட்கார்ந்தார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. பின்னால் நின்றவன் "நகருங்க பெரியவரே" என்றான், தோளைத் தட்டினான், அப்புறம் அவர் காலைத் தாண்டிப் போய் அவருடைய இடத்தில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டான். சம்சாரம் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். பாட்டிலோடு திரும்பி வந்தபோது, வரிசையை விட்டுவிட்டாரே என்று அவரைத் திட்டினாள். திட்டியதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது. அதையும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

மத்தியானம், பையன் போட்ட கணக்குத் தவறாமல், எல்லா ஸ்கிரீனும் வெளிச்சமாகிவிட்டது.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த கோட்டான், சலவைக் கடை முன்னால் கூட்டத்தைப் பார்த்தான்.

"மாமா போயிட்டாருடா. ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் நின்னுபோச்சாம், வரிசையிலயே உயிர் போயிருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டான். ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான். அதுவும் அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து பின்பக்கப் படியில்தான் ஏறினான்.

சீட்டக்காவுக்கு அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கைதட்டல். டை எல்லாரையும் கூட்டி வைத்து, "கம்ப்யூட்டரை ஒழுங்கா வெச்சிக்கத் தெரிஞ்சவங்க இவங்க ஒருத்தர்தான்" என்று சொன்னார். அந்தக் கைதட்டல் சூடு ஆறுவதற்குள் அவள் சாவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அழுதாள், நிஜமாகத்தான் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என் கம்ப்யூட்டர் மட்டும் ஓடலேன்னா அன்னைக்கு இன்னும் எத்தனை பேர் போயிருப்பாங்களோ."

கடைக்காரரின் சம்சாரம் நிமிர்ந்து பார்த்தாள்.  வாய்க்காரி ஒன்றும் சொல்லாமல் இருந்தது எங்களுக்கு ஆச்சரியம்.

சைபர் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்றால் கறுப்புக் கண்ணாடியோடு வருவார் என்று நினைத்தோம். வந்தவர் வயிற்றெரிச்சல்காரர். சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்துச் சப்பிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசிக் கவுன்ட்டரில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாக் கம்ப்யூட்டரும் செத்துச்சு. உங்களுது மட்டும் ஏன்மா சாகல?"

"நான் தினமும் துடைப்பேன் சார்."

இன்ஸ்பெக்டர் மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"நல்ல பழக்கம். வீட்ல யாரெல்லாம்?"

"நானும் பையனும்தான் சார்."

"பையன் என்ன பண்றான்?"

சும்மா "படிக்கிறான்" என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சீட்டக்காவுக்கு அது போதாது.

"படிக்கிறான் சார். ஆனா கம்ப்யூட்டர்ல புலி! அவனுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல."

"அப்படியா," என்றார் இன்ஸ்பெக்டர். "பாக்கணுமே அவனை."

மறுநாள் காலை ஜீப் வந்தது. கோட்டானையும் அவனுடைய கம்ப்யூட்டரையும் இறக்கிக்கொண்டு வந்தார்கள். பையன் அழவில்லை. ஜீப்பில் ஏறுவதற்கு முன் இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"உங்கம்மா கம்ப்யூட்டர் நிக்கலியே தம்பி."

கொஞ்சம் யோசித்தான். "ஆமா. அது என் தப்புதான்," என்றான். கணக்கு வாத்தியாரிடம் சொல்வதுபோலவே சொன்னான்.

பையன்தான் செய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு. சர்க்காரே ஏற்பாடு செய்து கொடுத்த வக்கீலம்மா, சீட்டக்காவை உட்கார வைத்து அதைப் புரிய வைத்தாள்.

"பையனுக்கு வயசு பதினேழு. சின்னப் பையன்னு தீர்ப்பாச்சுன்னா கொஞ்ச காலம் சிறுவர் இல்லத்துல இருந்துட்டு வந்துருவான், பேரு கெடாது. ஆனா ஒரு உசிரு போயிருக்கு. என்ன செய்யறோம்னு முழுசா தெரிஞ்சே செஞ்சான்னு ஜட்ஜ் நினைச்சா, பெரியவங்க கோர்ட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் ஜெயிலு, வருஷக்கணக்குல."

"அவன் வெளையாட்டுக்குப் பண்ணிட்டான்மா."

"அப்படித்தான் நானும் சொல்லப் போறேன். ஆனா உங்க கம்ப்யூட்டர் இடிக்குதே! வெளையாட்டுப் பையனா இருந்தா எல்லாம் நின்னிருக்கும். பாத்து, யோசிச்சு, ஒண்ணை மட்டும் விட்டிருக்கான்னா என்ன அர்த்தம்? உங்க கம்ப்யூட்டர் தப்பிச்சது தற்செயல்னு ஆகணும்."

எப்படி ஆகும்? அந்த வழியைக் கண்டுபிடித்தது சீட்டக்காவேதான், வக்கீலம்மா காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டாள். அன்றைக்குக் காலையில் தரை துடைக்கும்போது கம்ப்யூட்டரின் நெட் ஒயர் கழன்றுவிட்டது, சொருக மறந்துவிட்டேன், அதனால்தான் என்னுடையது தப்பித்தது. இப்படிச் சொல்வது என்று முடிவு.

பையனைப் பார்க்கப் போனபோது வக்கீலம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: "நாளைக்கு உன்னை முட்டாள்னு சொல்வாங்க. ஒண்ணுமே தெரியாதவன்னு சொல்வாங்க. சொல்லச் சொல்ல உனக்கு நல்லது. வாயைத் தொறக்காத."

"சரி மேடம்."

"எங்க, அம்மா தலைமேல சத்தியம் பண்ணு," என்றாள் சீட்டக்கா. பண்ணினான்.

சிறுவர் கோர்ட்டுக்குள் வெளி ஆளை விட மாட்டார்கள். ஆனால் வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டவாலிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், உள்ளே பறந்த ஈ எந்தப் பக்கம் போனது என்பதுவரை சொல்லுவார். அவர் சொன்னது இது.

முதலில் சீட்டக்கா ஒயர் கதையைச் சொன்னாள். தப்பில்லாமல் சொன்னாள். ஜட்ஜ் தலையசைத்தார். அடுத்து டை வந்தார். வக்கீலம்மா அவரிடம் கேட்டாள்: "இந்த மாதிரி வேலையை இந்தப் பையனே சொந்தமா யோசிச்சுச் செஞ்சிருக்க முடியுமா?"

டை முதல் முறையாகப் பையனின் முகத்தைப் பார்த்தார். அடையாளமே தெரியவில்லை.

"இவனா? சான்ஸே இல்ல. எங்கேருந்தாவது டவுன்லோடு பண்ணி அமுக்கியிருப்பான். எது நிக்கும், எது ஓடும்னுகூட தெரிஞ்சிருக்காது. ஸ்கூல் பையன். இவனுக்கு என்ன சார் தெரியும்?"

வக்கீலம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதைவிட நல்ல சாட்சியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. ஜட்ஜ் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். டவாலி சொன்னார், 'இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்யா' என்று. பையனின் காதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

எழுந்து நின்றான்.

"அது டவுன்லோடு இல்ல சார். நானே எழுதினது."

"உக்காருடா," என்றாள் சீட்டக்கா.

"ஒயர் கழண்டதுன்னு அம்மா சொல்றதும் தப்பு. கழண்டிருந்தா அவங்க அன்னைக்குப் போட்ட சீட்டெல்லாம் மெயின் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்து சேந்துச்சு? அதுல இருக்கு, பாக்கச் சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டரை மட்டும் தொடக்கூடாதுன்னு நான் தனியா எழுதி வெச்சேன். எது நிக்கும், எது ஓடும்னு எனக்குத் தெரியும். எல்லாமே தெரியும்."

டையின் பக்கம் திரும்பினான். "உங்க பாஸ்வேர்டும்தான். சொல்லட்டுமா?"

ஜட்ஜ் ஒரு கேள்விதான் கேட்டார். "அன்னைக்கு எல்லாம் நின்னா நோயாளிங்க கதி என்ன ஆகும்னும் தெரியுமா?"

அதற்கு மட்டும் அவன் பதில் சொல்லவில்லை. ஜட்ஜ் பேனாவை எடுத்தார். முன்பு எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

வழக்கு பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டில் பொய் சொன்னதற்குச் சீட்டக்கா மேல் தனி வழக்கு. பையன் முன்கூட்டியே அவளிடமும் சொன்னான், அவளும் மூடி மறைத்தாள் என்று ஆஸ்பத்திரி அவளை வேலையைவிட்டு நீக்கியது. தலைவலி என்று போட்டாளே, அந்தச் சீட்டைக் காட்டித்தான் நீக்கினார்கள். டைக்குப் பதவி உயர்வு. பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். புதுப் பாஸ்வேர்ட் ஆஸ்பத்திரியின் பெயரேதான் என்று பக்கத்துக் கவுன்ட்டர்காரி சொன்னாள்.

தீர்ப்புக்கு முந்தின நாள், சீட்டக்கா பையனின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காய வைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சட்டை நறுவிசாக இருந்தால் ஜட்ஜ் மனசு இளகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த தெருவிலும் ஒரு சலவைக் கடை உண்டு. அங்கே போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று எங்கள் கட்டடத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது. பாவமன்னிப்புக் கேட்க என்கிறார்கள் சிலர். திமிர் என்கிறார்கள் சிலர்.

கடையில் ஆளே இல்லை. மாமாவின் சம்சாரம் மட்டும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா நிற்கிற பக்கம் காலியாகவே விட்டிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு சட்டை. நாளைக்குத் தீர்ப்பு."

அவள் தலையைத் தூக்கவில்லை. "வரிசையில வாங்கக்கா."

சீட்டக்கா திரும்பிப் பார்த்தாள். "யாருமே இல்லையேம்மா."

"இருக்காரு. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் நிக்கறாரு."

சீட்டக்கா சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ வந்தார்கள், துணி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள், போனார்கள். நாங்களும் போகிற வருகிற சாக்கில் பார்த்தோம். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி, அந்த வாயில் யார் மாட்டிக்கொள்வது? கடை மூடுகிற நேரம் வந்ததும், சம்சாரம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இன்னைக்கு முடிஞ்சிருச்சுக்கா" என்று கதவை இழுத்தாள்.

மறுநாள் கோர்ட்டில் எட்டு வருஷம் என்று வாசித்தார்கள். அத்தனை வருஷமும், அதற்கப்புறமும், அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரையோ போனையோ தொடக் கூடாது. கோட்டான் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. குனிந்து, அம்மா காலையில் கொண்டுவந்து கொடுத்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர்கள் கூட்டிப் போகும்போது, வழியில் நின்ற அம்மாவிடம் கேட்டான்.

"சட்டை ஏம்மா இப்படி கசங்கியிருக்கு? இஸ்திரி போடலியா?"

"வரிசை பெருசா இருந்துச்சுடா," என்றாள் சீட்டக்கா.